கூட உட்கார்ந்து தின்றவன்

கையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே வெட்டினார்கள், சொம்பு என் கையில் சாய்ந்திருக்கிறது, தேசிங்கு குனிந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டியிருக்கிறான், நகக்கண்ணில் குழம்பின் மஞ்சள் இன்னும் போகவில்லை, இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா என்கிறான், ஊற்றுகிறேன், அவன் பிடரிக்குப் பின்னால் வெயில் பளிச்சென்று ஒரு தரம் திரும்புகிறது, அது கத்தி என்று எனக்கு உறைப்பதற்குள் தண்ணீர் சிவந்துவிட்டது, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தத் தெரியவில்லை இந்தக் கைக்கு, மடக் கை, முதல் வெட்டு பிடரியில், அடுத்தது தோள்பட்டையில், அதற்கடுத்ததைத் தடுக்க அவன் கையைக் குறுக்கே போட, விரல் தெறித்து என் அடுப்புச் சாம்பலில் வந்து விழுகிறது, அப்போதும் அவன் கத்தவில்லை, யக்கா நீ அப்பால போ என்கிறான், சாகிறவனுக்கு என்மேல் என்ன கரிசனம் பார், பாலத்துச் சுவர் வரைக்கும் ஓடினான், அங்கே சுவரோடு சாய்த்து வெட்டினார்கள், விறகு பிளக்கிறவன் மாதிரி ஒவ்வொரு வெட்டுக்கும் ஹ்ம் ஹ்ம் என்று மூச்சு விட்டார்கள், முகத்தில் கைக்குட்டை கட்டிய தடியன்கள், பட்டப்பகலில், பக்கத்துக் கடையில் கவனிப்பாரில்லாமல் மீன் தீய்கிற நாற்றம், யாரோ பெண்பிள்ளை வீறிடுகிற சத்தம், அது நான்தான் என்று அப்புறம் சொன்னார்கள்.

எலும்பு மில் பாலம் என்றால் வடசென்னையில் எந்த ஆட்டோக்காரனும் கொண்டுவந்து இறக்கிவிடுவான், மில் மூடி எத்தனையோ காலம் ஆயிற்று, பேர் மட்டும் நிற்கிறது, கீழே கால்வாய், கரையோரம் எங்கள் பள்ளம், பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் கடைகள், மீன் வறுக்கிற பவுனம்மா, மாட்டுக்கறிப் பக்கோடா, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிசைந்து கொடுக்கிற அத்தோ நூடுல்ஸ், எலும்பு சூப்பு, நடுவில் நான், என்னுடையது போட்டிக் கடை, ஆட்டுக்குடல், குச்சியில் மாட்டி உள்புறத்தை வெளியே திருப்பி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி அலசி என் கைரேகையே போய்விட்டது, ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் என்னை யாரென்று கேட்கிறது. மற்ற ஊரைச் சொன்னால் மல்லிகை என்பார்கள் அல்வா என்பார்கள், எங்கள் பள்ளத்தைச் சொன்னால் சாவுப் பாட்டு என்பார்கள், கானா, செத்தவன் வாசலில் ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்து டோலக்கைத் தட்டி, அவன் பிறந்ததிலிருந்து செத்தது வரைக்கும் பாடி, கல்மனசுக்காரனையும் தரையில் புரளவைப்பது, அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வண்டி வைத்துக்கொண்டு வந்து எங்கள் ஆட்களைக் கூட்டிப்போவார்கள், பாடப்போகிறவன் முதலில் எங்கள் கடைகளில்தான் வந்து குந்துவான், ஏனென்றால் செத்தவன் வீட்டில் அழுகைதான் கிடைக்கும், அவன் எதை விரும்பித் தின்றான், எதற்குச் சிரித்தான், போதையில் யாரை நினைத்து அழுதான் என்பதெல்லாம் சோறு போட்ட எங்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பாலத்துக்கென்று வழக்கம் உண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன்மேல் கை படக் கூடாது, ஜென்மப் பகையாளி ஆனாலும் அவன் தின்று கை கழுவுகிற வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும், வாரண்டோடு வந்த போலீசே ஜீப்புக்குள் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், பொறுமையா துன்னுட்டு வாடா மவனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு. சாவுப் பாட்டுக்கும் ஒரு வழக்கம், அது கடைசிச் சோற்றில்தான் முடியும், யார் கடையில் என்ன தின்றான், கூட உட்கார்ந்து தின்றவன் யார், பேர் சொல்லிப் பாடுவார்கள், பேர் விழுந்ததும் அந்த ஆள் எழுந்து வந்து முதல் வாய்க்கரிசி போட வேண்டும், பெற்றவளுக்கு முன்னால், பெண்டாட்டிக்கு முன்னால், அவ்வளவு பெரிய மரியாதை அது, தனியாகத் தின்றுவிட்டுச் செத்தான் என்று பாட்டில் வந்துவிட்டால் முடிந்தது, அநாதைப் பிணம் என்று முகத்தில் எழுதி அனுப்புவதும் அதுவும் ஒன்று. ஆக, கை கழுவும்போது வெட்டினார்கள் என்றால் வழக்கம் தெரிந்தவர்கள் வெட்டினார்கள், தின்று முடிக்கிற வரைக்கும் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள், ஒழுங்குமுறையாகக் கொன்றார்கள்.

அன்றைக்குத் தேசிங்குக்கு எதிரே உட்கார்ந்து தின்றவன் என் தம்பி மிக்கேல். தேசிங்கு துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி, பள்ளத்துக்கே அண்ணன் மாதிரி, கையும் நீளம் வாயும் நீளம், லோடு எடுக்கிற தகராறில் அந்தக் கரை ஆட்களுக்கும் அவனுக்கும் ஆகாது, என் தம்பி டோலக்குத் தட்டுகிறவன், சின்ன வயசிலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள், ஒருத்தன் தட்டிலிருந்து இன்னொருத்தன் எடுத்துத் தின்பான், அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான், போட்டியைக் கடைசி மசாலா வரைக்கும் விரலால் வழித்து நக்குகிற என் தம்பி, பாதித் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு, பீடி பத்தவெச்சிகினு வரேண்டா என்று பாலத்துப் பக்கம் போனான், திரும்பிப் பார்க்காமல் போனான், என்னடா இது வயிறு சரியில்லையா என்றுகூடக் கேட்டேன் நான், அடுத்த நிமிஷம் தேசிங்கு எழுந்து கையை நீட்டினான், அப்புறம் நடந்ததுதான் நடந்ததே. ஜனம் பிணத்தைச் சுற்றி நிற்கிறது, நான் அந்தப் பாதித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எடுத்துக் கழிவு வாளியில் கவிழ்த்தேன், பவுனம்மா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் மீனைத் திருப்பிப்போடக் குனிந்துகொண்டாள், எங்கள் வரிசையில் ஒரு கடைக்காரிகூட வாய் திறக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தான், வாசற்படியிலேயே கரண்டியால் அடித்தேன், புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்காமல் நின்றான், கைய மட்டுந்தான் எடுப்போம்னாங்கக்கா அந்தக் கரை ஆளுங்க, ஒரே ஒரு கை, அவன் என்னை அறஞ்ச கை, கை கய்வும்போது கை நீட்டிகினு நிப்பான், ஒரே போடு, அவ்ளோதான்னு சத்தியம் பண்ணாங்கக்கா என்றான். அறை, ஆமாம் ஓர் அறை, மிக்கேலுக்குப் பெண் பார்த்திருந்தோம், அவர்கள் வீட்டுச் சாவுக்கே இவன் வாசிக்கப் போனான், குடித்துவிட்டு தாளத்தைக் கோட்டைவிட்டான், தேசிங்கு எழுந்து வந்து பெண் வீட்டார் எல்லாருக்கும் எதிரே அறைந்தான், பொணத்தாண்ட ஒயுங்கா தட்டத் தெரியாதவன் பொண்டாட்டிய இன்னாடா வெச்சி வாய்வே என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தது, சம்பந்தம் முறிந்தது, மறுநாளே தேசிங்கு வந்து தோளில் கைபோட்டுத் தின்னக் கூட்டிக்கொண்டு போனான், அவன் மறந்துவிட்டான், அறைந்தவனுக்கு மறந்துபோகிறது, இவனுக்குக் கன்னம் ஆறவேயில்லை. கரண்டியை மறுபடி ஓங்கினேன், அக்கா அவன் எனக்கு ஈரல் எடுத்து வெச்சான்க்கா, கடைசியாக்கூட, தன் தட்லேர்ந்து எடுத்து என் தட்ல வெச்சான்க்கா என்று தரையில் விழுந்து தலையை முட்டிக்கொண்டான், ஓங்கின கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்தது, பாடுகிறவன் டிங்கர் ஜோசுவா, கார் நசுங்கலைத் தட்டி எடுக்கிற வேலைக்காரன், பாட ஆரம்பித்தால் தொண்டையில் ஆண்டவன் வந்து உட்காருவான், வழக்கம்போல என் கடைக்கு வந்து குந்தினான், யக்கா விவரம் சொல்லு, இன்னா துன்னான், போட்டியும் ஈரலும் என்றேன், பொண்டாட்டிக்கி எதுனா சொன்னானா, அவளுக்கு ஈரல் பார்சல் கட்டச் சொன்னான், கட்டி வைத்திருந்தேன் என்றேன், கூட யாரு குந்தினது என்றான். மிக்கேல் என்று சொன்னால் தேசிங்கின் அண்ணன் தம்பிகள், கூட இருந்த நீ எங்கடா போன என்று கேட்பார்கள், கேட்டால் என் தம்பிக்குப் பொய் வராது, வந்தாலும் முகத்தில் ஒட்டாது. யாருமில்ல, தனியாத்தான் துன்னான் என்றேன். ஜோசுவா என்னை ஏற இறங்கப் பார்த்தான், தேசிங்கா, தனியாவா என்றான், ஆமாண்டா, காது கேக்கலயா என்று எரிந்து விழுந்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன், எனக்கு என்று இருந்தது அவன் ஒருத்தன்தானே, அம்மா செத்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவளுக்கு நியாயம் எங்கிருந்து வரும், போங்கடா.

ஷாமியானாவுக்குள் வெயில் நீலமாக இறங்குகிறது, தேசிங்கைத் துணி சுற்றிச் சுற்றிக் குழந்தை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள், தலைமாட்டில் அவன் பெண்டாட்டி வெண்ணிலா, கண்ணில் ஒரு சொட்டு இல்லை, அவன் அண்ணன் பரசுவும் கடைசித் தம்பி சின்னவனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஜோசுவாவுக்குப் பக்கத்தில் என் தம்பி, புருவத்தில் பிளாஸ்திரி, டோலக்கு மடியில், போகாதடா என்று காலையிலிருந்து காலைப் பிடித்துக் கெஞ்சினேன், அவனுக்கு நான் தட்டாம யாருக்கா தட்டுவா என்று வந்து உட்கார்ந்திருக்கிறான். ஜோசுவா பாடுகிறான், மூட்டை தூக்கும் தோளு இங்க மூட்டையாச்சே அண்ணே, கப்பலெல்லாம் எறங்கிப்போச்சு கண்ணத் தொற அண்ணே, டோலக்கு அதன் கூடவே அழுகிறது, என் தம்பி அன்றைக்குத் தட்டிய மாதிரி எப்போதும் தட்டினதில்லை, ஒரு தாளம் தப்பவில்லை, பெண்கள் மாரில் அடித்துக்கொள்கிறார்கள், பாட்டு கடைசிச் சோற்றுக்கு வருகிறது, பாலத்துப் போட்டிக் கடையில் பசியாறிப் போனியே, தனியாத்தான் துன்னியா எங்க தேசிங்கு அண்ணே, தட்டுக்கு எதிர்த்தாப்ல தரைதானா அண்ணே, கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடுகிறது, பரசு தலையைக் குனிந்துகொள்கிறான், தன் தம்பி அநாதையாய்த் தின்று செத்தான் என்கிற அவமானத்தில் அந்த மலை மாதிரி ஆள் கூனிப்போகிறான், டோலக்கு நிற்கிறது. தாளம் இல்லாமல் ஒரு வரி பாடிவிட்டு ஜோசுவாவும் நிறுத்துகிறான். மிக்கேல் எழுந்து நிற்கிறான், அவன் தனியா துன்னல, நான் குந்தினேன் கூட, நான்தான் என்கிறான், ஐயோ பாவி, வாயை மூடுடா என்று நான் கத்துகிறேன், கத்தினேனா, நெஞ்சுக்குள் கத்தினேனா தெரியவில்லை, அவன் நேராக அரிசித் தட்டுக்குப் போய், அள்ளி, தேசிங்கின் வாயில் முதல் அரிசி போட்டான், ஒருத்தரும் தடுக்கவில்லை. போட்டு முடித்து நிமிர்ந்ததும் பரசு நிதானமாகக் கேட்டான், கூட குந்தினவன் மேல ஒரு வெட்டு இல்லியே மிக்கேலு. என் தம்பி கையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு நின்றான், பரசுவுக்கு விளங்கிவிட்டது, வெண்ணிலா அப்போதுதான் முதல் முறையாகத் தலையை உயர்த்தி அவனைப் பார்த்தாள்.

பிணம் தெருவில் இருக்கும்போது பழி தீர்க்க மாட்டார்கள், அடக்கம் முடிந்து மறுநாள் பால் தெளிக்கிற வரைக்கும் தவணை, ஓடிப்போடா, கூடூர் ரயிலைப் பிடிடா, ஆந்திராவில் மச்சான் முறைக்காரன் இருக்கிறான், ஓடுடா என்று விடிகிற வரை தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், எங்க ஓடினாலும் தனியாத்தானக்கா துன்னணும் என்றான். விடியற்காலையில் ஒரு நொடி கண் அசந்திருப்பேன், இரண்டு பேரும் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், யக்கா இன்னொரு தட்டு என்கிறான் தேசிங்கு, அவன் கழுத்தில் ஈ மொய்க்கிறது, மிக்கேல் முந்திக்கொண்டு விசிறுகிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், நான் பரிமாறிக்கொண்டே இருக்கிறேன், சட்டியில் குறையவே இல்லை, விழித்தால் அவன் டோலக்கின் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருக்கிறான், வாசிக்காத நாட்களில் தோல் விட்டுப்போகாமல் இருக்க அப்படிச் செய்வான்.

உச்சி வெயிலுக்குக் கடைக்கு வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், பசிக்குதுக்கா என்றான், அவன் சாப்பிட்டே அன்றோடு மூன்றாம் நாள், தட்டை வைத்து நிமிர்கிறேன், பாலத்துச் சுவரோரம் பரசும் சின்னவனும், சட்டைக்குள் முதுகுப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, வந்துவிட்டார்கள், ஆனால் நகரவில்லை, அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் அல்லவா. எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் புத்தி வந்ததோ, பவுனம்மா ஸ்டேஷனுக்கு ஓடுடி, எந்திரிச்சி ஓடுடி என்று அவளை விரட்டினேன், அவள் கரண்டியோடு ஓடினாள், நான் போட ஆரம்பித்தேன், போட்டி, ஈரல், ரத்தப் பொரியல், சட்டியில் இருந்ததையெல்லாம், துன்னுடா, மெதுவா துன்னு, தண்ணி குடிக்காத, மென்னு துன்னு, ஜீப்பு வர்ற வரைக்கும் இந்த வாய் அசைந்துகொண்டே இருந்தால் போதும், என் தம்பி உயிர் அவன் தட்டில் இருக்கிறது, நான் அள்ளி அள்ளி வைக்கிறேன், மசாலா அவன் மடியில் சிந்துகிறது, அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், எதுக்குக்கா இவ்ளோ என்கிறான்.

அப்போது வெண்ணிலா வந்தாள், பால் தெளித்துவிட்டு வந்த ஈரத் தலை, கையில் வளையல்கூட இன்னும் கழற்றவில்லை, நேராக வந்து மிக்கேலுக்கு எதிரே, தேசிங்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள், யக்கா எனக்கும் ஒரு தட்டு வெய் என்றாள். வைத்தேன், வேறென்ன செய்வேன். அவள் தின்றாள், நிஜமாகவே தின்றாள், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கேட்டாள், இன்னா பேசிகினு இருந்தான், எம்ஜியார் சமாதிக்குக் குடும்பத்தோட போலாம்னான், எனக்கு வேற பொண்ணு பாக்கறேன்னான், சிரிச்சான் என்று மிக்கேல் சொன்னான், சொல்லும்போது வாயிலிருந்தது வெளியே வந்துவிட்டது, ஏண்டா பண்ண என்றாள், அறஞ்சான்க்கா என்றான், சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னான். அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள், என்னை எத்தினி அறை அறஞ்சிகிறான் தெரியுமாடா ஒனக்கு, பல்லே ஆடிப்போச்சி, நான் இன்னா கத்தியா எடுத்தேன் என்றாள். அவள் தன் தட்டிலிருந்து ஓர் ஈரல் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள், துன்னு, தனியா துன்ன வோணாம் என்றாள், நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறேன், இந்தப் பொம்பளை என் தம்பியைக் காப்பாற்ற வந்திருக்கிறாளா, வழியனுப்ப வந்திருக்கிறாளா, எனக்குத் தெரிந்துதான் இருந்தது, தெரியாத மாதிரி இன்னும் ஒரு கரண்டி அள்ளினேன், அவன் தட்டுக்குமேல் கையை விரித்து மறைத்தான், போதும்க்கா என்றான்.

போதாதுடா. வயிறு ரொம்பிடிச்சிக்கா. இல்லடா, இன்னும் ரெண்டு வாய். தண்ணி ஊத்துக்கா என்று எழுந்து நின்று, குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினான். சுவரோரம் சின்னவன் நிமிர்ந்தான். பாலத்தில் ஜீப்பு இல்லை, பவுனம்மா இல்லை, வெயில் மட்டும்தான். நான் தண்ணீர் டிரம்மை எட்டி உதைத்தேன், உருண்டது, சொம்பைக் கால்வாயில் விட்டெறிந்தேன், குடிக்கிற தண்ணீர்ப் பானையைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தேன், தண்ணி இல்லடா, ஒரு சொட்டு இல்ல, கை கய்வல நீ, இன்னும் துன்னுகினுதான் கீற, குந்துடா, டேய் குந்துடா என்று கத்தினேன், தண்ணீர் சாலை முழுக்க ஓடுகிறது, கடைக்காரிகள் எல்லாம் எழுந்து நிற்கிறார்கள். என் தம்பி என்கிட்டே வந்தான், பயமே இல்லை அந்த முகத்தில், தூக்கம் வருகிற முகம், என் முந்தானையை எடுத்தான், விரல் விரலாகத் துடைத்தான், நகக்கண் வரைக்கும் நிதானமாகத் துடைத்துக்கொண்டான், வரேன்க்கா என்றான். சுவரை நோக்கி நடந்தான், நான் ஓட, பெஞ்சு தடுக்கி விழுந்தேன், முழங்கால் சில்லு பெயர்ந்தது, ஊர்ந்தேன், ஹ்ம் ஹ்ம் என்று அதே மூச்சு, இந்த முறை நான் வீறிட்டது எனக்கே கேட்டது.

ஜீப்பு வந்தது, வராமலா இருக்கும், எல்லாம் ஆனபிறகு வந்தது, பரசும் சின்னவனும் ஓடவில்லை, கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். நான் நொண்டிக்கொண்டே கடைக்குத் திரும்பி வந்தால் வெண்ணிலா இருந்த இடத்திலேயே இருக்கிறாள், தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை, கழுவத் தண்ணீர் இல்லாத கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி புகைகிறது, பிடித்துணிகூட இல்லாமல் வெறுங்கையால் தூக்கினேன், அவள் முகத்துக்கு நேரே, தூக்கின கை வெந்து கொப்புளிக்கிற சத்தம் கேட்கிறது, அவள் கண்ணை மூடவில்லை. ஊத்தறதுன்னா ஊத்துக்கா, ஜோசுவா வந்து கேட்டா எம்பேர சொல்லு, அவனை தனியா அனுப்பிச்சிடாத என்றாள். சட்டியைத் தரையில் போட்டேன். தேங்கிக்கிடந்த தண்ணீரில் எண்ணெய் விழுந்து சீறி, எங்கள் இரண்டு பேர் காலிலும் தெறித்தது, ஒருத்தியும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜோசுவா வந்தான், மிக்கேலின் டோலக்கை வேறு யாரிடமாவது கொடுத்துத் தட்டச் சொல்லட்டுமா என்று கேட்டான், கொடு என்றேன், இன்னா துன்னான் என்றான், எல்லாத்தையும் துன்னான் என்றேன். கூட யாருக்கா குந்தினது என்று கேட்டான், நான் யாருமில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான். வெண்ணிலா என்றேன். எந்த வெண்ணிலா என்று நிமிர்ந்தான். தேசிங்கு பொண்டாட்டி வெண்ணிலாடா, பேர் சொல்லிப் பாடு, அவ காதுல வியற மாதிரி பாடு என்றேன்.